தைப் பனியில் தனியே ஒரு கார்ப் பயணம்: திருச்சியிலிருந்து கோடிக்கரை வரை

கேள்வி: குளிர்காலத்தில் தனியாக நெடுந்தூரம் கார் ஓட்டிச் சென்ற அனுபவம் உண்டா? வழியில் எதையெல்லாம் கவனித்தீர்கள், என்ன யோசித்தீர்கள்?

உண்டு. 2023 ஜனவரி 25ஆம் தேதி அதிகாலை நாலே முக்கால் மணிக்குத் திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கும், மறுநாள் அங்கிருந்து கோடிக்கரைக்கும் நான் தனியாகக் காரில் சென்றேன். கேள்வியில் குளிர்காலம் என்று இருக்கிறது. காவிரிப் படுகைக்குப் பனிக்காலம் என்ற சொல்தான் பொருந்தும். அன்று காலை வெப்பநிலை 20 பாகையை ஒட்டி இருந்திருக்கும், ஊட்டியில் இருப்பவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் நம் முன்னோர் இரண்டு பருவங்களாகப் பிரித்ததும், தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிவைத்ததும் எதனால் என்பதை, அந்தப் படுகையில் விடியற்காலையில் ஒருமுறை வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள்.

வேதாரண்யத்துக்கு நேர்வழியில் போகாமல் கும்பகோணத்தைச் சுற்றிக்கொண்டு போனதற்கு ஒரு காரணம் இருந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி, திருச்சியில் காங்கிரஸ்காரரான மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் உப்பு எடுக்கப் புறப்பட்டு, இந்த ஊர்களின் வழியாகத்தான் நடந்து ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்தார். பதினைந்து நாள் அவர்கள் நடந்த தூரத்தை நான் மதிய உணவுக்குள் கடந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் வழி சுமார் 200 கிலோமீட்டர். அந்தக் கணக்குத் தப்பாகப் போனதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

துவாக்குடியைத் தாண்டியதும் மூடுபனி தொடங்கியது. தஞ்சாவூர் வரை நான்கு வழிச் சாலை என்பதால் முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். தஞ்சாவூரைக் கடந்து பாபநாசம் சாலையில் இறங்கிய பிறகு அந்தத் துணையும் இல்லை. இருபது முப்பது அடிக்கு அப்பால் சாலை என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே தெரியவில்லை. விளக்கை உயர்த்தினால் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிடுகிறது. தாழ்த்தி வைத்தால்தான் சாலையோரத்து வெள்ளைக் கோடாவது தெரிகிறது. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோக, வயலில் நிற்கும் நீரின் ஈரத்தைச் சுமந்த காற்று அந்தத் தரையைத் தொட்டுக் குளிர்ந்து துளிகளாக மாறுவதே இந்த மூடுபனி என்பது பள்ளிப் பாடம். எனக்குப் புதிதாகப் பட்டது வேறு: ஊர் நெருங்கும்போது பனி மெலிந்து, ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் மறுபடி அடர்ந்தது. வீடுகளும் கல்லும் தாரும் இரவெல்லாம் சிறிது சூட்டை வைத்திருக்கின்றன போலும். அரைமணி நேரத்துக்குப் பிறகு, ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்க்காமலே ஊர் வருவதை என்னால் சொல்ல முடிந்தது.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உள்ளே மூச்சுக்காற்றால் படியும் மங்கலை நீக்க ஏ.சி.யைப் போட்டேன், உள்பக்கம் தெளிந்தது. பத்து நிமிடத்தில் கண்ணாடி மீண்டும் மங்கியது. துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. ஏ.சி.யின் குளிரால் கண்ணாடியே குளிர்ந்து, அதன் வெளிப்புறத்தில் ஈரம் படிந்திருக்கிறது என்பது புரிய நேரமாயிற்று. குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை ஓடவிட்டால் தீர்ந்துபோகும் காரியம். அதற்குள் ஒரு வாய்க்கால் மதகுக்கு மிக அருகில் போய் நிறுத்தியிருந்தேன். அருகில் யாரும் இல்லாததால் என்னைத் திட்டவும் ஆளில்லை, நானே திட்டிக்கொண்டேன்.

தனியாகப் போனால் ஆழ்ந்த சிந்தனைகள் தோன்றும் என்று பலரும் எழுதுகிறார்கள். மூடுபனியில் அப்படி எதுவும் தோன்றாது. வெள்ளைக் கோடு, மதகு, நாய், விளக்கில்லாத மிதிவண்டி, பழனிக்கு நடந்துபோகும் பச்சை வேட்டிக்காரர்களின் பையில் ஒட்டிய ஒளிரும் பட்டை, மறுபடி வெள்ளைக் கோடு என்று மனம் முழுக்கக் கண்ணாகவே இருந்தது. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. பக்கத்து இருக்கையில் யாராவது இருந்திருந்தால் அவருடைய அவசரத்துக்காகவாவது, அல்லது எங்கள் பேச்சின் வேகத்திலாவது, நான் இன்னும் கொஞ்சம் முடுக்கியிருப்பேன் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். தனியாக இருந்ததால் நின்றேன். நின்றதால் ஆட்கள் என்னிடம் பேசினார்கள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் பாதி, வண்டி நின்றிருந்த நேரங்களில் கிடைத்தவை.

முதலில் பேசியவர் ஓர் அறுவடை இயந்திர ஓட்டுநர். கும்பகோணம் தாண்டி, வயலோரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தார். சம்பா விளைந்து சாய்ந்திருக்க, ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பனி காயணும்ல" என்றார். கதிரில் பனி ஈரம் இருக்கும்போது அறுத்தால் நெல் சரியாகப் பிரியாது. நெல்லிலும் ஈரம் ஏறிவிடும். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறும் வரை ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த அந்த இயந்திரமும், அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவரும், நெல்லை ஏற்ற நிற்கும் டிராக்டரும் காத்திருக்கிறார்கள். எனக்குப் பயணத்தைத் தாமதப்படுத்தும் தொல்லையாக இருந்த ஒன்று, அவர்களுக்கு மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்காக இருந்தது. பகலில் அதன் மறுபக்கத்தையும் பார்த்தேன்: சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்து, காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். சாலையில் நெல் காய வைப்பது ஆபத்து என்று நானும் முன்பு வாதிட்டவள்தான். ஆபத்து என்பதில் இப்போதும் ஐயமில்லை. ஆனால் அவ்வளவு நெல்லைக் கொட்டிக் கிளற அந்த ஊர்களில் வேறு களம் எங்கே இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தேன், தென்படவில்லை.

நீடாமங்கலத்துக்கு முன்பாக ஒரு தேநீர்க் கடை. தலையில் துண்டைக் காது மறைய முடிந்திருந்த பெரியவர் ஒருவர், என் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையாம்மா?" என்றார். அன்று இதே கேள்வியை நான்காவது முறையாகக் கேட்கிறேன். நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் விடியற்காலையில் தனியாகக் கார் ஓட்டி வந்தால், கோயிலுக்கு நேர்த்திக்கடன் அல்லது உறவில் ஒரு சாவு என்ற இரண்டு விளக்கங்களைத்தான் ஊர் ஏற்கிறது. சும்மா பார்க்க வந்தேன் என்றதும், "பனியையா?" என்று சிரித்துவிட்டு, தன் வயலைக் காட்டினார். அறுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும் நெற்பயிருக்குள், ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்திருந்தார். நெல்லை அறுக்கும்போது உளுந்து முளைத்துச் சிறு செடியாக இருக்குமாம்; பிறகு அதற்குத் தண்ணீர் விடுவதில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மூடிவிடுவார்கள், வாய்க்காலில் வரத்தும் நின்றுவிடும். மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் குடித்தே அது இரண்டரை மாதத்தில் காய்த்துவிடும். "பனிதாம்மா தண்ணி" என்று சொல்லிவிட்டு, என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

அப்போதுதான் 1930 நினைவுக்கு வந்தது. அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், உப்புத் தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர்கள் சிறைக்குப் போக நேரும் என்று எச்சரித்திருந்தார். ஊர்மக்கள் உணவைப் பொட்டலங்களாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் நடந்தது சித்திரை வெயிலில், நான் போனது தைப் பனியில். கட்டித் தொங்கவிடத் தாழ்ந்த கிளையுள்ள மரம் எதுவும் இல்லாத நீண்ட பகுதிகளும் இப்போது அந்தச் சாலையில் இருக்கின்றன. ஆனால் வழிப்போக்கருக்குத் தேநீர் வாங்கித் தருவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்ற பழக்கம் மட்டும் தொண்ணூற்று மூன்று ஆண்டுகளில் மாறவில்லை.

வேதாரண்யத்தை அடைய மாலை நான்கு மணி ஆகிவிட்டது. ராஜாஜி உப்பெடுத்த அகத்தியம்பள்ளி உப்பளங்களில் அப்போது உப்பு இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளை வடித்து, சேற்றைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெண்மையை எதிர்பார்த்துப் போன எனக்குச் சாம்பல் நிறச் சேறுதான் காணக் கிடைத்தது. உப்பு அள்ளும் படங்கள்தான் எங்கும் அச்சாகின்றன, இந்த மிதிப்பை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

மறுநாள் கோடிக்கரை. வெளிமான்களையும் மட்டக்குதிரைகளையும் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் விட்டுவிடுகிறேன். பூநாரைகள் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன, அவ்வளவே. என்னை நிற்கவைத்தது கொசு உள்ளான். முப்பது கிராம்கூட நிறையாத அந்தப் பறவை, ஆர்க்டிக் கரையில் பொரிந்து, நம் சேற்றில் பனிக்காலத்தைக் கழிக்க வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். இந்த வகை உள்ளான்களில் பெரியவை முன்னதாகக் கிளம்பிவிட, அந்த ஆண்டில் பொரிந்த குஞ்சுகள் பெற்றோரின் துணையின்றிப் பிறகு புறப்பட்டு, தாம் ஒருமுறையும் பார்த்திராத இடத்துக்கு வந்து சேர்கின்றன. இருநூறு கிலோமீட்டரைக் கைப்பேசி வரைபடத்தின் துணையோடு வந்ததற்கே வீட்டில் மூன்று முறை அழைத்து விசாரித்திருந்தார்கள்.

அங்கேதான் கோடிக்குழகர் கோயிலும் இருக்கிறது. கடற்காற்று வீசும் கரையில் துணை யாருமின்றி இப்படித் தனியே இருக்கிறீரே என்று இறைவனைப் பார்த்துச் சுந்தரர் மனம் வருந்திப் பாடிய தலம் அது. தோழரான சேர மன்னர் சேரமான் பெருமாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தவர், தனியே இருந்தவரைப் பார்த்து வருந்தினார். இறைவனிடமும் நம்மவர்கள் "வீட்டில் யாரும் வரவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, சந்நிதியில் நின்று சிரித்துவிட்டேன். குருக்கள் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது பட்டுக்கோட்டை வழியாக வந்தேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் முறித்த தென்னைகளின் தலையற்ற மரங்கள் சில இன்னும் நின்றிருந்தன. அவற்றின் நடுவே புதுக்கன்றுகள் ஆள் உயரம் தாண்டியிருந்தன.

வீடு திரும்பிய அடுத்த வாரம், பிப்ரவரியின் முதல் நாட்களில், படுகை மாவட்டங்களில் பருவம் தப்பிய மழை கொட்டியது. விளைந்த சம்பா தண்ணீரில் சாய்ந்தது, தெளித்த உளுந்து அழுகியது என்று செய்திகள் வந்தன. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பைப் பின்னர் தளர்த்தினார்கள். தேநீர்க் கடைப் பெரியவரிடம் பெயரையோ எண்ணையோ நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை. நாள் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன்: ஒரு வாரத்தில் அறுப்பேன் என்று அவர் சொன்னது, மழை தொடங்கிய அதே நாளில் வந்து நின்றது.