தடைக்காலத்தில் பேசாத கூட்டாளி: நட்பா, தொழில் பழக்கமா?

போன் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நட்பு முடிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். பாம்பனில் ஆறு வருடம் உங்களோடு ஒரே விசைப்படகில் வந்தவர், ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள்.

எனக்குப் படும் காரணம் கூச்சம். தடைக்காலம் 61 நாள், கையில் காசு இருக்காது. தங்கச்சிமடத்தில் என் கூட்டாளியும் இப்படித்தான் ஒதுங்கினான், கடன் கேட்க வருகிறான் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று. நானே போய் நின்றேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னொரு ஊசியை என் பக்கம் நீட்டினான். உட்கார்ந்து இருட்டும்வரை கிழிசல் பின்னினோம்.

கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, ஆளின் நற்குணத்துக்காக. முதல் வகை பயன் தீர்ந்ததும் கலைந்துவிடும். கடைசி வகைக்கு நாள் பிடிக்கும். சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அவரே எடுத்துச் சொல்கிறார். ஆறு வருடம் கடலில் நீங்கள் தின்ற உப்பு கொஞ்சமா?

சரி, இதைச் செய்து பாருங்கள். ஒரு சாயங்காலம் சும்மா அவர் வீட்டுக்குப் போங்கள். படகு, மீன் வருமானத்தில் பங்கு என்ற பேச்சை எடுக்காதீர்கள். அப்படியும் பேச்சு ஓடினால் நட்பு இருக்கிறது.

ஆனால் உங்களுக்குள் பங்குக் கணக்கு பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். அது கிடக்கும்வரை அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.