சிவப்புப் பந்தும் உங்கள் நாயும்
புல்வெளியில் சிவப்புப் பந்து கண்முன்னே கிடந்தும் நாய் தாண்டிப் போகிறது, பார்வை மங்கிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேறு அறிகுறி இல்லையென்றால் பயப்பட வேண்டாம். நாயின் விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்புச் செல்கள் 2 வகைதான், நமக்கு 3, அதனால் சிவப்பும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். முதுகெலும்பிகளின் மூதாதைகளுக்கு 4 வகைக் கூம்புகள் இருந்தன, பறவைகளுக்கு இன்றும் உண்டு. டைனோசர் காலத்தில் இரவில் நடமாடிப் பிழைத்த பாலூட்டிகள்தான் அவற்றில் பாதியை இழந்தன. அப்புறம் நம் குரங்கு மூதாதைகளிடம் ஒரு மரபணு இரட்டிப்பாகி, பச்சையிலிருந்து சிவப்பு தனியே தெரிய ஆரம்பித்தது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சரி, நாய்க்குப் புல்லிலிருந்து தனியே தெரியும் நீலப் பந்து போட்டுப் பாருங்கள். அதையும் தவறவிட்டால், அல்லது நடக்கும்போது எதிலாவது மோதினால், கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.