நகைக்கடை மெஷின் 916னு காட்டுனா நம்பலாமா?

கோலாலம்பூர் லெபோ அம்பாங் பக்கம் ஒரு கடையில அம்மாவோட பழைய சங்கிலிய உரசாம உருக்காம ஒரு பெட்டிக்குள்ள வச்சு கொஞ்ச நேரத்துலயே 91.6னு, அதாவது நூத்துல 91.6 பங்கு தங்கம்னு (அதான் 916) சொல்லிட்டாங்க, எப்படின்னு கேட்டிருக்கீங்க சிஸ்டர்.

அது எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ்) மெஷின். எக்ஸ்ரே போயி அணுவோட உள்வட்டத்துல இருக்குற எலக்ட்ரான தட்டி வெளிய தள்ளும், அந்த காலி இடத்துக்கு மேல இருந்து இன்னொன்னு இறங்கும், இறங்கும்போது மிச்ச சக்தி புது எக்ஸ்ரேயா வரும், அந்த எக்ஸ்ரேயோட சக்தி தனிமத்துக்கு தனிமம் வேற, தங்கம்னா 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (சக்திய அளக்குற அலகு), செம்புன்னா 8, எது எவ்ளோ வருதுன்னு எண்ணித்தான் சதவீதம் போடுது. தனிமத்தோட அணு எண்ணுக்கும் அதோட எக்ஸ்ரேக்கும் இருக்குற தொடர்ப 1913ல இயற்பியலாளர் மோஸ்லி கண்டுபிடிச்சாரு, அதுதான் இதுக்கு அடிப்படை.

ஆனா தங்கத்துல அது பாக்குறது மேல் தோல மட்டும்தான், மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுக்குத்தான். தடியா முலாம் பூசியிருந்தா ஏமாந்துடும். தண்ணில முக்கி அடர்த்தி பாத்தா பெரும்பாலும் மாட்டிக்கும், உள்ள டங்ஸ்டன்ங்கிற உலோகம் வச்ச தங்கக் கட்டி மட்டும் தப்பிச்சிடும், ஏன்னா டங்ஸ்டனோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.25 கிராம், சுத்த தங்கம் 19.3, பயலுங்க விவரமாத்தான் இருக்கானுங்க.

கறாரா வேணும்னா துளி வெட்டி, ஈயம் வெள்ளியோட சேத்து சூளையில போட்டு, செம்பெல்லாம் போனதும் நைட்ரிக் ஆசிட்ல வெள்ளிய கரைச்சு, மிச்ச தங்கத்த நிறுத்துப் பாக்கணும். ஒரு சங்கிலிக்கு இதெல்லாம் ஓவர் லா. கொக்கி கிட்ட ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ வைக்க சொல்லுங்க, பத்த வச்ச (ஒட்டுன) இடத்துல பொடி, அதாவது ஒட்டுறதுக்கு போடுற கலவை, கலந்திருக்கும், நம்பர் இறங்கலாம்.