நாய்க்கு தொப்பி பழக்குனீங்களா?

கேள்வி: எங்ககிட்ட எட்டு மாசத்து சிப்பிப்பாறை ஆண் குட்டி இருக்கான். தோட்டத்துல விட்டா பறக்குறான். ஆனா போன மாசம் முதல்முறையா டாக் ஷோவுக்கு கூட்டிட்டு போனப்ப, ஜட்ஜ் கிட்ட வந்ததும் வாலை சொருகிட்டு உக்காந்துட்டான். பயந்த சுபாவமா, இல்ல என் ட்ரெய்னிங்ல தப்பா? (வாசகர், சிவகாசி)

பதில்: குட்டிய ஒண்ணும் சொல்லாதீங்க சார், இதே கூத்து எனக்கும் நடந்திருக்கு. பல வருஷம் முன்னாடி கன்னி இன வேட்டை நாய் ஒண்ண மாசக்கணக்கா பழக்கி ரிங்குக்குள்ள, அதாவது ஜட்ஜ் நாய்ங்கள பாக்குற வளையத்துக்குள்ள, கொண்டு போனேன், வீட்டுல சிலை மாதிரி நிப்பான், அன்னைக்குன்னு பாத்து ஜட்ஜ் பெரிய வட்டத் தொப்பி போட்டுட்டு வந்து அவன் தலைக்கு மேல குனிஞ்சாரு, அவ்வளவுதான், பய என் ரெண்டு காலுக்கு நடுவுல பூந்துட்டான். முயலைப் பாத்தா முள்வேலிய தாண்டுறவன் ஒரு தொப்பிக்கு பயந்துட்டான்! அப்புறம்தான் புரிஞ்சுது, அவனைத் தொட்டு பழகுனது நானும் என் வீட்டுக்காரியும் மட்டும்தான்.

நம்மூரு வேட்டை நாய்ங்க பெரும்பாலும் வீட்டாளுகிட்ட உயிரா இருக்கும், வெளியாளு கை வச்சா சுருங்கிடும். அதனால முதல்ல வெளி ஆளுங்க தொட விடுங்க. நான் அடுத்த ஆறு மாசம் பால்காரர், இஸ்திரி போடுறவர், கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற தம்பி, யாரையும் விடல, "ஒரு நிமிஷம் இவனை தொட்டுட்டு போங்கண்ணே"ன்னு கெஞ்சுவேன். முதல்ல தோள்பட்டை, அப்புறம் முதுகு, பின்னங்கால், கடைசியா வாய். தொட்டு முடிச்ச நொடியே ஒரு துண்டு ஈரல். தொப்பி, கூலிங் கிளாஸ், குடை எல்லாம் போட்டுக்கிட்டு ஒருத்தர் குனியணும், இது முக்கியம். பல்லையும் பாப்பாங்க, மேல் பல்வரிசை கீழ்வரிசைய ஒட்டினாப்புல லேசா மூடி கத்தரி மாதிரி உக்காந்திருக்கான்னு. ஆண் நாய்க்கு ரெண்டு விதையும் இறங்கியிருக்கான்னு தடவிப் பாப்பாங்க, அங்க கை பட்டதும் துள்ளுறவங்கதான் அதிகம், அதையும் வீட்டுலயே பழக்குங்க.

நிக்க வைக்கிறதுக்கு மொட்டை மாடி போதும். முன்னங்கால் ரெண்டும் தோள்பட்டைக்கு நேர் கீழ, பின்னங்கால் கொஞ்சம் பின்னால தள்ளி, குதிமூட்டுக்கு கீழ இருக்குற பகுதி தரைக்கு செங்குத்தா இருக்கணும். ஆரம்பத்துல பத்து செகண்ட் நின்னா போதும், அலுத்துப் போறதுக்குள்ள நிறுத்திடுங்க. ஓட்டத்துக்கு நாய் உங்க இடது பக்கம் வரணும். ஜட்ஜ் நடுவுல நிப்பாரு, நீங்க கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்துவீங்க, அப்பதான் அவர் கண்ணுக்கும் நாய்க்கும் நடுவுல உங்க தொடை வராது. பாயவும் கூடாது, நடக்கவும் கூடாது, சீரான ட்ராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவுல ஒரு மிதமான ஓட்டம். நாய் வேகத்துக்கு நீங்க ஓடணும் சார், அதுக்கு உங்களுக்கும் கொஞ்சம் ப்ராக்டிஸ் வேணும்!

கேள்வி: என் ராஜபாளையம் பால் வெள்ளை, பாக்குறவங்க எல்லாம் போட்டோ எடுக்குறாங்க. ஆனா மூணாவது இடம்தான் குடுத்தாங்க, முதல் பரிசு வாங்குன நாய்க்கு விலா எலும்பே தெரிஞ்சுது. இது நியாயமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, இது அழகிப் போட்டி இல்ல. அந்த இனம் எப்படி இருக்கணும்னு ஒரு எழுத்துப்பூர்வமான ஸ்டாண்டர்ட் இருக்கு, உயரம், தலை, மூக்கு நிறம், நடை எல்லாம் அதுல இருக்கும், எந்த நாய் அதுக்கு கிட்ட வருதோ அதுக்குத்தான் பரிசு. அந்த விலா எலும்பு விஷயத்துல ஜட்ஜ் பக்கம்தான் நான். வேட்டை நாய்க்கு கடைசி ரெண்டு மூணு விலா லேசா தெரியுறதுதான் சரியான உடம்பு, வேடிக்கை பாக்குறவங்க "சோறே போடலியா"ன்னு கேப்பாங்க, கண்டுக்காதீங்க. அடுத்த ஷோவுக்குள்ள உங்க நாய்க்கு தயிர் சாதத்த குறைங்க, ஓட்டத்த கூட்டுங்க.

இன்னொண்ணு, வெள்ளை ராஜபாளையத்துல காது கேக்காத குட்டிங்க பிறக்குறது உண்டு, நிறமி இல்லாம போறதுதான் காரணம். குட்டி வாங்கும்போது அது பாக்காத பக்கம் நின்னு சாவிக்கொத்த ஆட்டிப் பாருங்க. இத ஒளிச்சு விக்கிறவங்கள பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கேள்வி: கருத்தடை பண்ணுன நாய ஷோவுல விடலாமா? இந்த ஷோ எல்லாம் எப்ப ஆரம்பிச்சது? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: பொதுவா விட மாட்டாங்க தம்பி. அடுத்த தலைமுறைக்கு எந்த நாய் தகுதின்னு பொறுக்குறதுதான் இதோட அடிப்படையே. ஆரம்பம் இங்கிலாந்து, 1859ல நியூகாசில்ல நடந்த ஷோவத்தான் முதல்னு சொல்லுவாங்க, பாயின்டர், செட்டர்னு ரெண்டே வகை வேட்டை நாய்ங்க, ஜெயிச்சவங்களுக்கு துப்பாக்கி பரிசு! இங்க பதிவு, சர்டிபிகேட் எல்லாம் பாத்துக்குற கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமை அலுவலகம் சென்னையிலதான் இருக்கு. நேர்ல பாக்கணும்னா மே மாசம் ஊட்டி ஷோவுக்கு போங்க, முதல் தடவ நாய் இல்லாம போயி ஹேண்ட்லர், அதாவது நாய ரிங்குல கூட்டிட்டு ஓடுறவங்க, கைய மட்டும் பாருங்க, லீஷ எவ்வளவு லூசா பிடிக்கிறாங்கன்னு.

கேள்வி: ஷோ அன்னைக்கு சாப்பாடு குடுக்கலாமா? (வாசகர், தேனி)

பதில்: முந்தின ராத்திரி சாப்பாடு போதும், காலைல ரெண்டு வாய். ரிங்குல ஈரல் குடுக்கணும்ல, வயிறு நிறைஞ்சவன் உங்கள திரும்பிக்கூட பாக்க மாட்டான். ஈரல முந்தின நாளே வேக வச்சு, நல்லா ஆறவிட்டு, சுண்டுவிரல் நகம் சைஸுக்கு வெட்டி எடுத்துக்கோங்க, ஈரமா பாக்கெட்ல போட்டா பேன்ட் நாறும். வீட்டுத் தண்ணியையே பாட்டில்ல கொண்டு போங்க, ஒரு ஈரத் துண்டும் வேணும். நாய கார்ல பூட்டிட்டு டீ குடிக்க மட்டும் போயிடாதீங்க, ஊட்டியா இருந்தாலும் சரி.