பதில்: நோட்டில் எழுதும் பழுதுக் கணக்கு, செலவை எப்படிக் காட்டுவது?

தயாரிக்கும் பொருளில் வரும் பழுதுகளை நோட்டிலும் எக்செல்லிலும் எழுதி வைக்கிறோம், அதற்கென்று சாஃப்ட்வேர் வாங்குவது வீண் செலவு என்கிறார் மேனேஜர், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். டைப் அடிக்கும் நேரத்தைக் கணக்குக் காட்டாதீர்கள். அது சில்லறை. 'இன்னொரு ஆளைப் போட்டால் போச்சு' என்று முடித்துவிடுவார்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். நான் இருந்த பம்ப் அசெம்பிளியில் ஒரே கோளாறைக் காலை ஷிஃப்ட் 'சீல் லீக்' என்று எழுதும், இரவு ஷிஃப்ட் 'ஓ-ரிங் கசிவு' என்று எழுதும், சர்வீஸ் ஆள் வெறுமனே 'ஒழுகுது' என்பார். பரேட்டோ வரைபடம் (எந்தக் கோளாறு அதிகம் என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் காட்டும் பட்டை வரைபடம்) போட்டால் மூன்றும் குட்டிக் குட்டிப் பட்டைகளாகக் கடைசியில் கிடக்கும். சேர்த்துப் பார்த்தபோது அதுதான் முதலிடம்! அதுவரை மாதக்கணக்கில் வேறு எதையோ சரிசெய்துகொண்டிருந்தோம்.

அடுத்தது லாட் எண், அதாவது ஒரே தொகுதியாக வந்த பொருட்களின் அடையாள எண். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஒரு லாட்டை மட்டும் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு வார உற்பத்தியையே நிறுத்தி மறுசோதனை செய்ய வேண்டி வரும். சப்ளையரிடம் நஷ்டஈடு கேட்கவும் ஆதாரம் இருக்காது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். கடந்த மூன்று மாத நோட்டை எடுத்து, ஒரே கோளாறின் எல்லாப் பெயர்களையும் ஒரே குறியீட்டில் சேருங்கள். அப்புறம் முதலிடத்தில் வருவதை மட்டும் எடுத்து, அது முதன்முதலில் பதிவான நாளுக்கும் யாராவது கவனித்த நாளுக்கும் நடுவில் எத்தனை பீஸ் வெளியே போனது என்று எண்ணுங்கள். அதற்கான ஸ்கிராப் (கழித்துப் போட்டது), ரீவொர்க் (திரும்பச் சரிசெய்தது), வாரன்டி செலவைக் கூட்டி அவர் மேஜையில் வையுங்கள். குறியீட்டுப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள், சாஃப்ட்வேர் வந்தாலும் அது தேவைப்படும்.