மன்னார் வளைகுடாவுக்குப் போகுமுன்: மதுரைக்காரர்களின் கேள்விகள்

ராமநாதபுரம் கரையில் வளர்ந்து மதுரையில் குடியேறியவன் நான். வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டிப்போகிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்டவையும் நான் சொன்ன பதில்களும் இவை.

அண்ணே, மே மாத லீவில் குடும்பத்தோடு போகலாமா? (திருமங்கலம்)

போகலாம்மா, ஆனால் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். தனுஷ்கோடி சாலையில் போகும்போது வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. எங்கள் ஊரில் முன்னதை ஆண்கடல், பின்னதைப் பெண்கடல் என்போம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும். ஆண்கடல் சீறும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் பெண்கடலும் பொங்கும். புயல் காலமும் அதுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததை மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடு போக பிப்ரவரி, மார்ச்தான் என் தேர்வு. மே மாதம்தான் முடியும் என்றால் பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பாருங்கள். அங்கே வனத்துறையே படகு விடுகிறது.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் படகுப் பேச்சையே எடுக்காதீர்கள்.

தீவில் இறக்கிவிடுகிறேன் என்று ஒரு படகுக்காரர் சொல்கிறார். நம்பலாமா? (ஒத்தக்கடை)

வேண்டாம் தம்பி. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு வரும். அதைவிடப் பெரிய பயம், தீவைச் சுற்றியுள்ள பார், அதாவது கடலடிப் பவளத்திட்டு. அலை இறங்கும்போது படகின் அடி பவளத்தில் தட்டும். மண்டபத்தில் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் சொல்லும் படகில் ஏறுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் எல்லா வாரையும் பூட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர் அளவு சேராது, தலைவழியாகக் கழன்றுவிடும். அவர்கள் அளவில் இல்லையென்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

கண்மாயில் நீந்திப் பழகியவன் நான். அரிச்சல்முனையில் குளிக்கலாமா? (மேலூர்)

கூடவே கூடாது. கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்கின்றன. காலடி மணலை நீவாடு அரித்துக்கொண்டே போகும். நீவாடு என்பது மீனவர்கள் நீரோட்டத்துக்குச் சொல்லும் பெயர். முழங்கால் ஆழத்தில் நின்றவரையும் அது சாய்த்துவிடும். வேறு கரையில் குளிக்கும்போது இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், மூச்சுதான் போகும். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல் படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணலைத் தேய்க்கலாமா? (உசிலம்பட்டி)

தேய்த்தால் ஒட்டியிருக்கும் விஷம் இன்னும் இறங்கும் அக்கா. நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழைகளைக் குச்சியால் எடுத்துப் போடுங்கள். பிறகு தோல் தாங்கும் சூட்டு வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி தணியும். திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் கைமருந்து. ஆனால் ஆழமாகப் பாய்ந்த முள்ளைப் பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ தாமதிக்காமல் 108. ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை தானே விலகிப் போகும்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வரலாமா? (ஆனையூர்)

செத்த துண்டானாலும் எடுக்காதீர்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குரிய அதே அட்டவணையில் இருக்கின்றன. யாராவது விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்? (பழங்காநத்தம்)

தனுஷ்கோடியில் நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை. காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள், ஆமைகள் நெகிழியைச் சொறி மீன் என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன.