கேளுங்க சொல்றோம்: எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் லேப்ல என்ன பண்ணுது?

கேள்வி: என் பொண்ணு மதுரைல ஒரு லேப்ல எம்.எஸ்சி ப்ராஜெக்ட் பண்றா. லென்டிவைரஸ்னு ஒண்ண வச்சு எலியோட ஜீன செல்லுக்குள்ள ஏத்துறாங்களாம், அது எச்.ஐ.வி.ல இருந்து வந்ததுன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டா. அன்னைலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நிறுத்தச் சொல்லிரவா?
– ஒரு அம்மா, திருமங்கலம்

பதில்: நிறுத்தச் சொல்லாதீங்கக்கா. எச்.ஐ.வி.ல இருந்து வந்ததுங்கறது நெசம்தான். ஆனா அசல் வைரஸ்ல 9 ஜீன் இருக்கும், இப்ப நெறைய லேப்ல ஓடுற மூணாம் தலைமுறை செட்ல காக், பால், ரெவ்னு மூணத்த மட்டும்தான் வச்சிருக்காங்க, அதையும் ஒரே இடத்துல வைக்காம, காக்-பால் ஒரு பிளாஸ்மிட்ல (வட்டமான குட்டி டி.என்.ஏ.), ரெவ் இன்னொண்ணுலன்னு பிரிச்சு, 293டி-ன்னு ஒரு மனுஷ கிட்னி செல்லுக்குள்ள போடுறாங்க, அந்த செல்லு துகளக் கட்டி வெளிய தள்ளுது. துகளுக்குள்ள ஏறிப்போறது பொண்ணு வச்ச எலி ஜீனும் அத எழுத வேண்டிய கொஞ்ச நஞ்ச சங்கதியும்தான், அந்த மூணு ஜீனும் ஏறாது. அதனால ஒரு செல்லுல புகுந்து குரோமோசோம்ல ஜீன சொருகிட்டா அதோட சரி, பெருகாது.

அப்ப பயமே இல்லையான்னா அப்படியும் சொல்லமாட்டேன். துகளோட மேல்தோல் வேற ஒரு கால்நடை வைரஸோடது, அது நம்ம செல்லுக்குள்ளயும் நுழையும். ஊசி குத்துறது, கண்ணுல தெறிக்கிறது, இந்த ரெண்டும்தான் விவகாரம், ஏத்துற ஜீன் கேன்சரத் தூண்டுற ரகம்னா இன்னும் உஷாரா இருக்கணும். கண்ணாடி போடுறாளா, லேப் கோட்ட வீட்டுக்குக் கொண்டு வர்றாளா, வேல முடிஞ்சா ப்ளீச் ஊத்துறாளான்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: ஃப்ளாக் டேக் (புரோட்டீன அடையாளம் காண ஒட்டுற சின்னத் துண்டு) போட்ட எலி ஜீன் ஏத்துன ரெடிமேட் லென்டி துகள், பெங்களூர்லருந்து கூரியர்ல லேட்டா வந்துச்சு. டப்பாவத் தொறந்தா ட்ரை ஐஸ் சுத்தமா இல்ல, ட்யூப்ல தண்ணியா நிக்குது. திரும்ப மைனஸ் 80ல வச்சா சரியாயிருமா சார்?
– பிஎச்டி மாணவர், நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: ஆகாது தம்பி. உருகி உறையுற ஒவ்வொரு தடவையும் வீரியம் கொறையும், லேபிள்ல போட்டிருக்குற டைட்டர் (ஒரு மில்லில வீரியமுள்ள துகள் எத்தனங்கற கணக்கு) இனி வெறும் நம்பர்தான். மொதல்ல போட்டோ எடுத்து அன்னைக்கே கம்பெனிக்கு மெயில் போடுங்க, நம்ம ஊர் வெயிலப் பத்தி ரெண்டு வரி சேர்த்துக்கங்க. யூஸ் பண்ணியே ஆகணும்னா கொஞ்சத்த எடுத்துப் படிப்படியா டைல்யூட் பண்ணி செல்லுல போட்டு, எத்தன செல்லுல ஏறியிருக்குன்னு எண்ணி டைட்டர புதுசா போடுங்க. அடுத்த ட்யூப் வந்தா ஐஸ் மேல உருக்கி, சின்னச் சின்ன அலிக்வாட்டா பிரிச்சு வச்சுருங்க.

டேக் விஷயத்துலயும் ஒண்ணு. எலி செல்லுல அந்தப் புரோட்டீன் ஏற்கனவே இருக்கும், நீங்க ஏத்துனது எதுன்னு பிரிச்சுக் காட்டத்தான் ஃப்ளாக்கோட அந்த 8 அமினோ அமிலம். அதுக்குப் பதிலா ஜிஎஃப்பி-ங்கற ஒளிர்ற புரோட்டீன டேக்கா ஒட்டுனா 238 அமினோ அமிலம், உயிரோட இருக்குற செல்லுலயே பச்சையாத் தெரியும், ஆனா சின்ன புரோட்டீனா இருந்தா பாரம் தாங்காம மடங்குறதே மாறிரலாம். அப்பறம் ஃப்ளாக்குக்கு நெறைய பேர் வாங்குறது எலில செஞ்ச எம்2 ஆன்டிபாடி (ஃப்ளாக்கத் தேடிப் புடிக்கிற புரோட்டீன்), அதையே எலித் திசுவுல போட்டா, எலி ஆன்டிபாடியப் புடிச்சு மின்னுற ரெண்டாவது ஆன்டிபாடி திசுவுல இருக்குற எலி ஆன்டிபாடியையும் புடிச்சுக்கிட்டு ஸ்லைடு பூரா மின்னும். முயல்ல செஞ்சத ஆர்டர் போடுங்க.